ஆச்சாவும் பித்தளையும்

கோவில்பட்டியில் சங்கீதத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு சௌகரியம் உண்டு. ஓர் அபாயமும் உண்டு. சௌகரியம், பேச்சுக்கு ஆள் கிடைத்துவிடும். கடலைமிட்டாய்க்குப் பாகு காய்ச்சுகிறவர், தீப்பெட்டி ஆபீஸ் கணக்குப்பிள்ளை, பருத்தித் தரகர் என்று யாரை நிறுத்திக் கேட்டாலும் அவருக்கென்று ஒரு ராகம் வைத்திருப்பார். அபாயம் என்னவென்றால், எந்த ஊர் வித்வானைப் பற்றித் தொடங்கினாலும் ஐந்தாவது நிமிஷத்தில் பேச்சு காருகுறிச்சியாரிடம் வந்து நின்றுவிடும். அப்புறம் அங்கிருந்து அதை நகர்த்த முடியாது.

நியாயந்தான். காருகுறிச்சி அருணாசலம் 1921-இல் தாமிரபரணிச் சீமையில் பிறந்தவர். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். தண்ணீர் ஓடுகிற ஊரில் பிறந்தவர், வானம் பார்த்த கரிசல் பூமிக்கு வந்து கோவில்பட்டியில் வாழ்ந்தார். 1962-இல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு அவருடைய நாயனம் சேர்ந்து வந்த ஆபேரி, வில்லிசை மட்டுமே கேட்டிருந்த பட்டிக்காட்டுக் காதுகளையும் எட்டியது. 1964-இல் காலமாகிவிட்டார். அவருக்கு எங்கள் ஊரில் சிலை இருக்கிறது. நாதஸ்வரக்காரருக்குச் சிலை வைத்திருக்கும் ஊர் எங்களுடையது என்று சொல்லிக்கொள்வதில் எங்களுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஆனால் இப்போது நான் எழுத உட்கார்ந்தது அவரைப் பற்றி அல்ல. சாக்ஸபோன் வாசித்த கத்ரி கோபால்நாத்தைப் பற்றி. மங்களூர்ப் பக்கத்து மனிதருக்கும் கோவில்பட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். சம்பந்தம் எங்கள் தெருவில் இருக்கிறது. அதில் நான் செய்த ஒரு தவறும் சேர்ந்திருக்கிறது. தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

செண்பகவல்லி அம்மன் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி, எங்கள் தெருவின் கடைசி வீட்டில் ஒரு நாதஸ்வரக்காரர் இருந்தார், இன்றும் இருக்கிறார். பெயர் வேண்டாம், பெரியவர் என்றே சொல்கிறேன். பையனாக இருந்தபோது காருகுறிச்சியாரின் நாயனத்தைக் கல்யாணப் பந்தல் ஓரத்தில் நின்று கேட்டவர். அந்த ஒன்றை வைத்துக்கொண்டே ஆயுசு முழுவதையும் நடத்திவிட்டவர். அவருக்கு ஒரே பையன். எட்டு வயதிலிருந்து அவனுக்கு நாயனம் சொல்லிக் கொடுத்தார். விடியற்காலை நாலு மணிக்கு அந்தப் பையன் சரளி வரிசை ஊதுவதைக் கேட்டுத்தான் எங்கள் தெருப் பால்காரருக்கே விழிப்பு வரும்.

இருபது வயதில் அந்தப் பையன் சாக்ஸபோன் வாங்கிக்கொண்டு வந்தான். பழசுதான். எங்கோ கடன் வாங்கி வாங்கியிருக்கிறான். திருநெல்வேலியில் ஒரு கல்யாண வரவேற்புக் கச்சேரியில் எவரோ வாசித்ததைக் கேட்டுவிட்டு வந்து நாலு நாள் சாப்பிடாமல் கிடந்தானாம். அப்பாவும் பிள்ளையும் சண்டை போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது.

நான் அப்போது கதைகள் எழுதிக் கொஞ்சம் பெயர் வாங்கத் தொடங்கியிருந்தேன். ப்ளஸ் டூ தேறி, கல்லூரிக்கும் இரண்டு வருஷம் பேருக்குப் போய்வந்து, படிப்பைப் பாதியில் விட்டவன் நான். பாதியில் விட்டவனுக்கு எல்லாவற்றின் மேலும் அபிப்பிராயம் சொல்லத் துணிச்சல் வந்துவிடும். ஒரு கதை எழுதினேன். கோயில் திருவிழாவில் சாமி புறப்பாட்டுக்கு முன்னால் ஒருவன் சாக்ஸபோனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வருகிறான்; யானை தன் தும்பிக்கைதான் அது என்று எண்ணி அவனைத் துரத்துகிறது. படித்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். கடிதங்கள் வந்தன. நானும் சிரித்துக்கொண்டேன்.

ஒரு நாள் பெரியவர் என்னைத் தெருவில் நிறுத்தினார்.

"தம்பி, அந்தக் கதையைப் படிச்சேன். என் மனசுல கெடந்ததை அப்படியே எழுதிட்டீக" என்றார்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவர் பத்திரிகையிலிருந்து அந்தப் பக்கத்தை வெட்டி வைத்திருக்கிறார் என்பதும், அதைப் பையன் முன்னால் வீட்டு நடுவில் சத்தமாகப் படித்துக் காட்டினார் என்பதும், அன்று ராத்திரியே பையன் பித்தளைக் குழலைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டுப் போய்விட்டான் என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. தெரிந்த பிறகும், "அது வெறும் கதைதானே" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கதை எழுதுகிறவன் சொல்லக்கூடாத வார்த்தை அது.

இப்படியே ஒன்பது வருஷம் போயிற்று.

2019-ஆம் வருஷம் அக்டோபர் 11-ந் தேதி மங்களூரில் கத்ரி கோபால்நாத் காலமானார். செய்தியைப் பார்த்தபோது எனக்கு நினைவு வந்தது 1994. பதினாலு வயது. கே. பாலசந்தரின் 'டூயட்' படம் வந்திருந்த சமயம். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அந்தப் படத்தின் ஒலிநாடாவைக் காலையிலிருந்து ராத்திரி வரை திருப்பித் திருப்பிப் போடுவார்கள். படத்தில் பிரபு சாக்ஸபோன் கலைஞராக வருவார். அவர் கையிலிருந்த குழலுக்குப் பின்னால் மூச்சு விட்டவர் கோபால்நாத். என் தகப்பனாருக்குச் சினிமாவில் சுவாரஸ்யம் கிடையாது. டீ குடித்துக்கொண்டிருந்தவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "யாருடே இது நாயனம்?" என்று கேட்டார். நாயனம் இல்லை, சாக்ஸபோன் என்றேன். "போடா, எனக்கா தெரியாது" என்று சொல்லிவிட்டு மறுபடி கிளாஸை எடுத்துக்கொண்டார்.

அன்றைக்கு அவருடைய அறியாமையைக் கண்டு சிரித்தேன். கோபால்நாத் இறந்த பிறகு அவருடைய வாழ்க்கையை உட்கார்ந்து படித்தபோதுதான் என் தகப்பனாருடைய காது எவ்வளவு சுத்தமான காது என்று புரிந்தது.

கோபால்நாத் 1949-இல் தட்சிண கன்னடத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். அவருடைய தகப்பனார் தனியப்பா நாதஸ்வர வித்வான். பையனும் முதலில் கற்றது நாதஸ்வரந்தான். சிறு வயதில் மைசூர் அரண்மனை பாண்டு வாத்தியக் கோஷ்டியில் ஒருவர் சாக்ஸபோன் வாசிக்கக் கேட்டிருக்கிறார். அதோடு மனசு போய்விட்டது. எங்கள் தெருப் பையனுக்குத் திருநெல்வேலிக் கல்யாண மண்டபம். அவருக்கு மைசூர் அரண்மனை.

அந்த வாத்தியத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் சாக்ஸ் என்பவர் உருவாக்கி, 1846-இல் பாரிஸில் காப்புரிமை வாங்கியது அது. பட்டாளத்து பாண்டு கோஷ்டிகள் முதலில் அதை எடுத்துக்கொண்டன. பின்னால் அமெரிக்காவில் கறுப்பு மக்களின் ஜாஸ் சங்கீதத்தில்தான் அதற்குச் சொந்தக் குரல் கிடைத்தது. பார்ப்பதற்குப் பித்தளை, ஆனால் மேல்நாட்டுக்காரர்கள் அதை மரவாத்திய வகையில்தான் சேர்த்திருக்கிறார்கள். காரணம், வாயில் வைக்கும் இடத்தில் ஒரு நாணல் தட்டை இருக்கிறது. அந்தத் தட்டை அதிர்ந்தால்தான் பித்தளைக்குப் பேச்சு வரும்.

நம் நாதஸ்வரத்திலும் அப்படித்தானே? உடம்பு ஆச்சா மரம். கும்பகோணத்துப் பக்கம் நரசிங்கம்பேட்டையில் கடைந்து எடுக்கிறார்கள். ஆனால் பேசுவது சீவாளி. அதுவும் நாணல் வகைத் தட்டைதான். நாதஸ்வரத்துக்கு இரட்டைத் தட்டை, சாக்ஸபோனுக்கு ஒற்றைத் தட்டை. மற்றபடி இரண்டும் ஒரே ஜாதி என்று சொன்னால் தப்பில்லை.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. நாதஸ்வரத்தில் விரல் நேரே துளையின் மேல் உட்காருகிறது. துளையைப் பாதி மூடலாம், கால் மூடலாம், வழுக்கிக்கொண்டு போகலாம். உதட்டின் அழுத்தத்தாலும் மூச்சின் பலத்தாலும் ஸ்வரத்தை வளைக்கலாம். நம் கமகம் முழுவதும் அந்த வழுக்கலில்தான் இருக்கிறது. சாக்ஸபோனிலோ விரலுக்கும் துளைக்கும் நடுவே சாவிகள் நிற்கின்றன. அமுக்கினால் ஒரு ஸ்வரம், விட்டால் மற்றொரு ஸ்வரம். மாடிப்படி மாதிரி. நம்முடைய தோடியோ படிக்கட்டு இல்லை, சறுக்கு மரம். படிக்கட்டில் சறுக்க வேண்டும், விழவும் கூடாது. இதுதான் கோபால்நாத் தமக்கு விதித்துக்கொண்ட கணக்கு.

இந்தக் கணக்கைப் போட்டு முடிக்க அவருக்கு ஏறக்குறைய இருபது வருஷம் பிடித்தது என்று சொல்வார்கள். மங்களூர் கலாநிகேதனத்தில் கோபாலகிருஷ்ண ஐயரிடம் கற்றார். பிறகு சென்னைக்கு வந்து, பாட்டிலும் மிருதங்கத்திலும் வல்லவரான டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் சிட்சை பெற்றார். வாத்தியத்தின் அமைப்பிலேயே தமக்குத் தேவையான மாறுதல்களைச் செய்துகொண்டார். உதடும் தொண்டையும் மூச்சும் சேர்ந்து, சாவி செய்ய முடியாததைச் செய்யப் பழகின. இருபது வருஷம் என்று ஒரு வரியில் எழுதிவிட்டேன். இருபது வருஷம் ஒருவன் ஒரே கதையைத் திருத்திக்கொண்டிருந்தால் அவனை வீட்டிலும் வைத்திருக்க மாட்டார்கள், பத்திரிகையிலும் சேர்க்க மாட்டார்கள்.

1980-இல் பம்பாயில் ஒரு ஜாஸ் விழா. அமெரிக்காவிலிருந்து ஜான் ஹேண்டி என்ற சாக்ஸபோன்காரர் வந்திருந்தார். கோபால்நாத் வாசிப்பதைக் கேட்டவர், தாமும் அவரோடு மேடையில் சேர்ந்து வாசிக்கலாமா என்று கேட்டாராம். அதிலிருந்து வெளிநாட்டு வாசல்கள் திறந்தன. பெர்லின், பிராக் என்று ஜாஸ் விழாக்களுக்குக் கூப்பிட்டார்கள். 1994-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பி.பி.சி. நடத்தும் பிரமனாட் கச்சேரி வரிசையில் வாசித்தார். அந்த வரிசைக்கு அழைக்கப்பட்ட முதல் கர்நாடக சங்கீதக்காரர் அவர்தான் என்கிறார்கள். அதே 1994-இல்தான் எங்கள் பஸ் ஸ்டாண்டு டீக்கடையிலும் வாசித்தார். ஒரே வருஷத்தில் ஆல்பர்ட் ஹாலுக்கும் கோவில்பட்டி டீக்கடைக்கும் சேர்ந்து வாசிக்க எத்தனை பேருக்குக் கொடுத்து வைத்திருக்கும்?

'டூயட்' படத்துக்கு வாசிக்கப் போன கதையை அவரே சொல்லியிருக்கிறார். ஏ.ஆர். ரஹ்மானிடம் முப்பது ராகங்கள் வரை வாசித்துக் காட்டினாராம். ரஹ்மான் முகத்தில் திருப்தி வரவில்லை. கடைசியில் கல்யாண வசந்தத்தை எடுத்ததும், இதுதான் வேண்டும் என்றாராம். எனக்கு இந்தச் சம்பவத்தில் பிடித்தது ரஹ்மானுடைய காது மட்டும் அல்ல. சினிமாவுக்கு வாசிக்கப் போகிறவர் முப்பது ராகங்களையும் மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போனாரே, அதுதான். சினிமாவுக்கு இது போதும் என்று அவர் ஒன்றையும் வீட்டில் வைத்துவிட்டுப் போகவில்லை.

இன்னொரு சம்பவமும் உண்டு. அமெரிக்காவில் வளர்ந்த ருத்ரேஷ் மகந்தப்பா என்ற இந்திய வம்சத்து வாலிபர் ஜாஸ் சாக்ஸபோன் படித்துக்கொண்டிருந்தார். அவருடைய அண்ணன் ஒரு நாள் வேடிக்கைக்காக ஓர் இசைத்தட்டை வாங்கிக் கொடுத்தார். 'இந்திய பாணியில் சாக்ஸபோன்' என்ற பெயரே அண்ணனுக்குத் தமாஷாகப் பட்டிருக்கிறது. அது கோபால்நாத்தின் தட்டு. தம்பி அதைக் கேட்டார். சிரிப்பு வரவில்லை. பல வருஷம் கழித்து கோபால்நாத்தைத் தேடி வந்து, அவரோடு சேர்ந்து 2008-இல் 'கின்ஸ்மென்' என்று ஓர் இசைத்தொகுப்பை வெளியிட்டார். ஏ. கன்யாகுமாரியின் வயலினும் அதில் உண்டு. 'கின்ஸ்மென்' என்றால் நம் பாஷையில் பங்காளிகள். அதைக் கேட்டால், ஜாஸ்காரர்கள் நடுவில் நின்றுகொண்டும் கோபால்நாத் ஜாஸ்காரராக வேஷம் போடவில்லை என்பது என் காதுக்கே தெரிகிறது. தம் ராகத்தைத் தம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வாசிப்பதுபோல வாசிக்கிறார். மற்றவர்கள் வந்து அந்தத் திண்ணையில் இடம் பிடித்துக்கொள்கிறார்கள்.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஒருவர் கேலிக்குக் கொடுத்த தட்டு, வாங்கினவருக்கு வழியாகிவிட்டது. நான் கேலிக்கு எழுதிய கதை ஒரு வீட்டின் கதவைச் சாத்திவிட்டது. அந்தக் கதையை எழுதுவதற்கு முன்னால் நான் ஒரு சாக்ஸபோன் கச்சேரியைக்கூட முழுசாக உட்கார்ந்து கேட்டதில்லை. குழலின் வளைவைப் பார்த்தேன், தும்பிக்கை ஞாபகம் வந்தது, எழுதிவிட்டேன்.

ஒரு வாரம் யோசித்துவிட்டுப் பெரியவர் வீட்டுக்குப் போனேன். தீபாவளி கழிந்த சமயம். அடைமழை விட்டு, தெருவெல்லாம் கரிசல் சகதி. செருப்பில் ஒட்டிக்கொண்டு காலை எடுக்க விடாத மண். வாசலில் கால் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். நாயனம் உறைக்குள் ஆணியில் தொங்கியது.

"இப்பல்லாம் யாரு தம்பி கூப்பிடுதா? கல்யாணத்துக்குச் செண்டை மேளம் வந்தாச்சு. கோயிலுக்கு மட்டும் போய் வாரேன்" என்றார்.

பெரியவரின் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. நாயனம் கற்க எத்தனை வருஷம் என்பது அவருக்குத் தெரியும். கற்றவன் ஒவ்வொருவனாக வேறு பக்கம் போய்விட்டால் சாமி புறப்பாட்டுக்கு முன்னால் யார் நிற்பது? அந்தப் பயம்தான் அவரைப் பிள்ளை முன்னால் என் கதையைப் படிக்க வைத்தது. பயத்துக்கு நான் ஒரு சிரிப்பை எடுத்துக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

கைபேசியில் கோபால்நாத்தின் கச்சேரி ஒன்றைப் போட்டு அவர் பக்கத்தில் வைத்தேன். யார் என்று சொல்லவில்லை. முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ராகம் வளர வளர அவருடைய வலது கை விரல்கள் வேட்டியின் மேல் அசையத் தொடங்கின. நாயனத் துளைகள் எங்கெங்கே இருக்குமோ அங்கங்கே அசைந்தன. கால் மணி நேரம் பேச்சே இல்லை.

"அப்பன் நாயனக்காரரா?" என்று கேட்டார்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. "ஆமாம் அண்ணாச்சி. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"மூச்சை எங்க வாங்குதாரு, பாத்தீகளா? நாயனக்காரன் வாங்குத எடத்துல வாங்குதாரு. வேற யாருக்கும் அது வராது." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஆனாலும் பித்தளை பித்தளைதான். ஆச்சாவுல வார கார்வை இதுல இல்லை. அதையும் சொல்லணும்ல?" என்றார்.

"சொல்லணும்" என்றேன். பிறகு, வந்த காரியத்தைச் சொன்னேன். அந்தக் கதையை நான் தெரியாமல் எழுதினேன். எழுதியிருக்கக் கூடாது என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "எழுதினது நீங்க. படிச்சுக் காட்டினது நான்" என்றார். அதற்கு மேல் அவர் அந்தப் பேச்சை வளர்க்கவில்லை. எனக்குக் காப்பி வந்தது.

திரும்பி வரும்போது எட்டயபுரம் சாலையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பாரதியார் பிறந்த ஊர் என்று எட்டயபுரத்தை எல்லாருக்கும் தெரியும். முத்துசுவாமி தீட்சிதர் 1835-இல் காலமானதும் அங்கேதான். அவருடைய நினைவிடம் இருக்கிறது. அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் எட்டயபுரம் சமஸ்தான வித்வானாக இருந்தவர். அந்தப் பாலுசுவாமிதான் சென்னையில் வெள்ளைக்காரர் ஒருவரிடம் வயலின் கற்று, அதை நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தவர். அண்ணன் தீட்சிதரோ வெள்ளைக்கார பாண்டு மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சம்ஸ்கிருத சாகித்தியம் எழுதினார். நொட்டு ஸ்வரம் என்று அவற்றைச் சொல்கிறோம். இங்கிலாந்து ராஜாவின் வாழ்த்துப் பாட்டு மெட்டுகூட அவற்றில் உண்டு. இன்று வயலின் இல்லாமல் ஒரு பாட்டுக் கச்சேரியை நினைத்துப் பார்க்க முடியுமா? வயலின் பரதேசி வாத்தியம் என்று சொன்னால் மயிலாப்பூரில் அடிக்க வருவார்கள். ஆனால் அது கடல் தாண்டி வந்து, எங்கள் கரிசல் காட்டுச் சமஸ்தானத்திலும் சோறு சாப்பிட்டு வளர்ந்த வாத்தியம்.

அப்புறம் கிளாரினெட் வந்தது. நாதஸ்வரம் கற்றிருந்த ஏ.கே.சி. நடராஜன் அதை எடுத்துக்கொண்டு 2008-இல் சங்கீத கலாநிதியும் ஆனார். கோபால்நாத்துக்கு 2004-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. எங்கோ ஜப்பானில் ஸதாவோ வதனாபே என்று ஒரு சாக்ஸபோன்காரர் இருக்கிறார், 1933-இல் பிறந்தவர். அவருடைய தகப்பனார் பிவா என்ற பழைய ஜப்பானியத் தந்தி வாத்தியத்தை வாசித்துப் பாடியவர். மகன் அமெரிக்காவுக்குப் போய் பாஸ்டனில் ஜாஸ் படித்தார். பிரேஸில் நாட்டு இசை, ஆப்பிரிக்கத் தாளம் என்று போகாத இடம் இல்லை. அந்த வீட்டிலும் ஒரு நாள் தகப்பனாருக்கும் பிள்ளைக்கும் பேச்சு நின்றுபோயிருக்குமோ என்னவோ என்று நான் கற்பனை செய்துகொள்கிறேன். கதைக்காரன் புத்தி அப்படித்தான் போகும்.

இவர்களையெல்லாம் சேர்த்துப் பார்க்கையில் எனக்குத் தோன்றுவது ஒன்றே ஒன்றுதான். ஒரு கலைஞன் வேலி தாண்டிப் போகிறான் என்றால், எங்கே போகிறான் என்று கேட்டு நாம் சண்டை போடுகிறோம். எதை எடுத்துக்கொண்டு போகிறான் என்று பார்ப்பதில்லை. வெறுங்கையோடு தாண்டுகிறவன் அந்தப் பக்கமும் ஒன்றும் கொடுக்க முடியாது. கோபால்நாத் தகப்பனாருடைய மூச்சை எடுத்துக்கொண்டு போனார். அதனால்தான் ஜான் ஹேண்டிக்கு அது புதிதாக இருந்தது. என் தகப்பனாருக்கு அது பழகியதாக இருந்தது.

2020 வந்தது. மார்ச் மாதக் கடைசியில் ஊரடங்கு. பங்குனித் திருவிழா இல்லை, கல்யாணம் இல்லை, கச்சேரி இல்லை. மேளக்காரர்களுக்கு அந்த வருஷம் எப்படிப் போனது என்று யாரும் சரியாக எழுதவில்லை. அறுவடை இல்லாத சம்சாரிக்காவது அடுத்த மழை என்று ஒன்று உண்டு. இவர்களுக்குத் தேதியே இல்லாமல் போயிற்று. பெரியவரின் பையன் இருந்த ஊரிலும் வேலை இல்லை. வாடகை கொடுக்க முடியவில்லை. மே மாதத்தில் ஒரு நாள் பெண்டாட்டியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு, முதுகில் பெட்டியோடு வந்து சேர்ந்தான். பெரியவர் கதவைத் திறந்து விட்டார். மருமகளிடம் பேசினார். பேத்தியை மடியில் வைத்துக்கொண்டார். பிள்ளையிடம் மட்டும் ஒரு வார்த்தை இல்லை.

ஒரே கூரையின் கீழ் மூன்று வாரம் அப்படி ஓடியது. பையன் விடியற்காலையில் எழுந்து, கொல்லைப் பக்கம் வேப்பமரத்தடிக்குப் போய் மெல்ல ஊதுவான். நாலு மணிக்குத்தான். பழக்கம் போகவில்லை. தெருவே அடங்கிக் கிடந்த காலம். பஸ் இல்லை, ரயில் இல்லை, மில் சங்கு இல்லை. நான் மாடியில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். மாயாமாளவகௌளை. எட்டு வயதில் ஊதிய அதே சரளி வரிசை. அதே இடத்தில் மூச்சு.

ஒரு நாள் விடியலில் பெரியவர் வீட்டுப் பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். பெரியவர் துண்டைப் போர்த்திக்கொண்டு படியில் நின்றார். பையன் வாயிலிருந்து குழலை எடுத்துவிட்டான். கொஞ்ச நேரம் இருவரும் அப்படியே நின்றார்கள்.

"சுருதி ஒரு நூல் எறங்கியிருக்கு" என்றார் பெரியவர்.

பையன் ஒன்றும் சொல்லவில்லை. குழலின் வாய்ப்பக்கத்தை ஒரு நூல் உள்ளே தள்ளினான். மறுபடி ஷட்ஜத்தைப் பிடித்தான். பெரியவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். திருப்தி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

நான் சத்தமில்லாமல் உள்ளே வந்து படுத்துக்கொண்டேன். அந்த யானைக் கதையை என்னுடைய எந்தத் தொகுப்பிலும் நான் சேர்க்கவில்லை. இனியும் சேர்க்கப் போவதில்லை.